கார்பென்டர் பாணி பயம்: இசையா, இருட்டா, ஃப்ரேமா?

நள்ளிரவுக்காட்சி:
12 நிமிடக் குறும்படம். ஒரே வீடு, இரண்டு நடிகர்கள், முழுக்க இரவு. முன்மாதிரி அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' (1978). நாயகி இருட்டு வாசலை ஒட்டிச் சாய்ந்து நிற்க, பின்னாலிருந்து வெள்ளை முகமூடி மெல்லத் தெளியுமே, அந்த மாதிரி ஒரு ஷாட் எடுத்தாயிற்று. ரஃப் கட் (முதல்கட்டத் தொகுப்பு) பார்த்தவர்கள் இரண்டு குறை சொல்கிறார்கள். உருவம் வருவதே கண்ணில் படவில்லை. கடைசியில் வரும் 'டமால்' சத்தம் எரிச்சலைத்தான் கிளப்புகிறது, யாரும் திடுக்கிடவில்லை.

கார்பென்டர் தன் படத்தைக் காப்பாற்றியது இசைதான் என்கிறார். காட்டாமல் விடுவதுதான் பயம் என்று அவர் பெயரைச் சொல்லியே பலர் எழுதுகிறார்கள். ஆனால் அவரே 'தி திங்' (1982) படத்தில் ஜந்துவை வெளிச்சம் போட்டுக் காட்டினார். அவர் கருத்துதான் என்ன? நான் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? யூடியூபில் வெளியாகப்போகும் படம், பெரும்பாலும் மொபைலில் பார்ப்பார்கள்.

---

வெளிச்சக்காரன்:
அந்த ஷாட்டை மட்டும் தனியாக எடுத்தால் வேலை செய்யாது. 'ஹாலோவீன்' படத்தில் அதற்கு முன்பே ஒரு பழக்கம் ஏற்படுத்தப்படுகிறது. பட்டப்பகலில் வேலிச்செடிக்குப் பக்கத்தில் அந்த முகமூடிக் கொலைகாரன் நிற்பான், கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே நிற்பான், அடுத்த கணம் இருக்கமாட்டான். பார்வையாளர் முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியைத் துழாவக் கற்றுக்கொள்கிறார். உங்கள் படத்தில் அந்தப் பயிற்சி இல்லையென்றால் எல்லோரும் நாயகியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உருவம் தெரியாமல் போவதற்கு லைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வாசலைக் காலியாக, அதே கோணத்தில், முன்னால் இரண்டு மூன்று தடவை காட்டுங்கள். ஒவ்வொன்றும் 3 விநாடியாவது நிற்கட்டும்.

அடுத்து ஃப்ரேம். கார்பென்டரும் ஒளிப்பதிவாளர் டீன் கண்டியும் குறைந்த பட்ஜெட்டிலும் பனாவிஷன் அனமார்ஃபிக் லென்ஸ் தரும் அகலத்திரையை விடவில்லை. ஆளை ஒரு ஓரத்தில் நிறுத்தினால் மிச்ச இடம் முழுக்கச் சந்தேகத்துக்கு உரியது. நீங்கள் 1920க்கு 804 என்று க்ராப் செய்தால் ஏறக்குறைய அதே விகிதம் கிடைக்கும். நாயகியை வலது மூன்றில் ஒரு பங்கில் வைத்து, இடப்பக்கம் வாசலை விடுங்கள். அந்த ஷாட்டில் கேமரா அசையக்கூடாது. கையில் பிடித்து எடுத்தால் ஃப்ரேம் முழுக்க ஆடும், மெதுவாகத் தெளியும் ஒன்று அதில் தொலைந்துபோகும்.

அசலில் கண்டி முகமூடிக்கென்று ஒரு சிறு விளக்கை வைத்து, டிம்மரால் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மெல்ல ஏற்றினார். நடிகர் நகரவே வேண்டாம். முகமூடி கடையில் வாங்கிய கேப்டன் கிர்க் முகமூடி. கண் ஓட்டையைப் பெரிதாக்கி, புருவத்தை எடுத்துவிட்டு, வெள்ளை ஸ்ப்ரே அடித்தது. உடை கருமை. அதனால் கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் முகம் மட்டும் தனியாக மிதக்கும். உங்களுடையது பளபளப்பான பெயின்ட் என்றால் மேட் அடியுங்கள், இல்லையேல் நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்து காட்சி கெடும்.

வெளிச்சம் ஏற 5, 6 விநாடி கொடுங்கள். முடிவில் முகமூடி நாயகியின் கீ லைட்டைவிட (முகத்தில் விழும் முதன்மை வெளிச்சம்) 2 அல்லது 3 ஸ்டாப் குறைவாக இருக்கட்டும். ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். வேவ்ஃபார்மில் (பிரகாசத்தை 0 முதல் 100 வரை காட்டும் வரைபடம்) 20-ஐ ஒட்டி வந்தால் நல்லது. 10-க்குக் கீழே இருப்பதைப் பெரும்பாலான மொபைல் திரைகள் விழுங்கிவிடும்.

---

ஒலிப்பெட்டி:
'டமால்' பிரச்சினைக்கு வருகிறேன். பயம் வேறு, திடுக்கிடல் வேறு. திடுக்கிடல் அனிச்சைச் செயல். சத்தம் காதில் விழுந்து 30 முதல் 50 மில்லிவிநாடிக்குள் கண் சிமிட்டிவிடும். அதற்குச் சத்தம் பெரிதாக இருந்தால் போதாது, சட்டென்று எழவும் வேண்டும். பலர் முன்னால் 'ஊஊஷ்' என்று ஏறிக்கொண்டே வரும் ஒரு ரைசர் ஒலியை வைப்பார்கள். அதுதான் கெடுக்கிறது. பெரிய சத்தத்துக்கு முன் 30 முதல் 500 மில்லிவிநாடிக்குள் ஒரு சின்னச் சத்தம் வந்தால் அனிச்சை மட்டுப்படும் என்பது ஆய்வகங்களில் உறுதியான விஷயம். விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் இது 1 முதல் 12 ஃப்ரேம். ஆகவே ஸ்டிங்குக்கு (அந்த 'டமால்' சத்தத்துக்கு) முந்தைய 12 ஃப்ரேமில் கதவுக் கிறீச்சு, மூச்சு, துணி உரசல் எதுவும் வேண்டாம். ரூம் டோன் (அறையின் இயல்பான மெல்லிய ஒலி) மட்டும் ஓடட்டும். அதையும் சுத்தமாக வெட்டிவிடாதீர்கள். ஹெட்போனில் ஒலி திடீரென்று செத்தால் 'இதோ வருது' என்று காதைப் பொத்துகிறவர்கள் அதிகம்.

ஆள் ஏற்கெனவே பதற்றத்தில் இருந்தால் அதே சத்தத்துக்கு இன்னும் அதிகமாகத் துள்ளுவார். மேலே நண்பர் சொன்ன காலி வாசல் ஷாட்டுகள் இங்கேதான் பலன் தரும். இன்னொன்று, திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும். 12 நிமிடத்துக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

மிக்ஸை முழுக்க உச்சத்தில் வைத்திருந்தால் யூடியூப் -14 எல்.யு.எஃப்.எஸ். (சராசரி ஒலியளவின் அலகு) அளவுக்கு மொத்தமாக இறக்கிவிடும். சத்தம் குறைந்த படத்தை அது ஏற்றாது. அதனால் சராசரியை -17-ஐ ஒட்டி வைத்து, உச்சம் -1 டெசிபல் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ஸ்டிங்குக்கு மேலே இடம் மிச்சமிருக்கும்.

இசையைப் பற்றி: சத்தமும் இசையும் சேர்க்காத 'ஹாலோவீன்' பிரதியை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிர்வாகி ஒருவருக்குக் காட்டியபோது அவருக்குத் துளியும் பயம் வரவில்லை என்று கார்பென்டரே எழுதியிருக்கிறார். பிறகு அவர் போட்டது ஐந்து பீட் தாளம். நம் சொற்கட்டில் தகிட தகிட தக தக, பத்து அட்சரம். நாலில் முடியும் என்று காத்திருக்கிற காது ஒவ்வொரு சுற்றிலும் ஏமாறும். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டவைத்த இசையும் இல்லை அது. தனியாக வாசித்து, பின்னர் காட்சிகளில் பொருத்தியது. நீங்களும் ஒரே ஒரு மெட்டைச் செய்துகொண்டு, எங்கே நிறுத்துவது என்பதில் மூளையைச் செலவிடுங்கள்.

---

மூன்றாம்_ரீல்:
'தி திங்' முரண்பாடு இல்லை. கார்பென்டர் பேட்டிகளில் பல முறை சொல்லும் பிரிவு ஒன்று உண்டு: தீமை வெளியே இருட்டில் இருக்கிறது என்பது ஒரு கதை, தீமை நமக்குள்ளேயே இருக்கிறது என்பது இன்னொரு கதை. இரண்டாவதைச் சொல்வதுதான் கடினம் என்பார். 'ஹாலோவீன்' முதல் வகை, எங்கே இருக்கிறான் என்பது மறைக்கப்படுகிறது. 'தி திங்' இரண்டாம் வகை, ஜந்து மனிதர்களைப் போலவே உருமாறி அவர்களுக்குள் ஒளிந்திருக்கும். அதில் ஜந்து எப்படி இருக்கும் என்பது ரகசியமே இல்லை. ஒப்பனை விளைவுக் கலைஞர் ராப் பாட்டின் செய்ததைத் தாராளமாகக் காட்டலாம், ஏனென்றால் யாருக்குள் இருக்கிறது என்பது மறைந்தே இருக்கிறது.

அதன் ரத்தப் பரிசோதனைக் காட்சியை ஷாட் ஷாட்டாக எழுதிப் பாருங்கள். யாருடைய ரத்தம் சூட்டுக்குத் துள்ளுகிறதோ அவர்தான் ஜந்து. சூடான கம்பி ரத்தத்தில் படும், 'புஸ்' என்று அணையும். விண்டோஸ், நாயகன் மெக்ரெடி, இறந்துபோன இருவர் என்று நாலு முறை ஒன்றும் நடக்காது. அப்போது கேரி இந்தச் சோதனையே வீண் என்று வாயைத் திறக்கிறார். நம் சந்தேகம் அவர் மேல் போகிறது, மெக்ரெடியும் அவரிடம் பேசிக்கொண்டே அசட்டையாகக் கம்பியைப் பால்மரின் ரத்தத்தில் வைக்கிறார். துள்ளுவது அதுதான். முன்னறிவிப்பு இசை கிடையாது. வசனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது.

உங்கள் கதையில் மறைப்பது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். இடத்தை மறைக்கிறீர்கள் என்றால் வெளிச்சக்காரன் சொன்னது. ஆளை மறைக்கிறீர்கள் என்றால் முகமூடி ஷாட்டே தேவையில்லாமல் போகலாம்.

---

நள்ளிரவுக்காட்சி:
இடம்தான். காலி வாசல் ஷாட்டுகளையும் சேர்த்து மறுபடி எடுக்கிறோம். ஒரு சந்தேகம்: மலிவு எல்.ஈ.டி. பேனலை டிம் செய்தால் கீழ் அளவில் படிப்படியாகக் குதிக்கிறது, சில சமயம் பட்டை பட்டையாக ஓடுகிறது.

---

வெளிச்சக்காரன்:
ஷாட் ஓடும்போது அந்த பேனலை டிம் செய்யவே வேண்டாம். 50 சதவீதத்தில் நிறுத்தி, முன்னால் கறுப்புச் சார்ட் அட்டையைப் பிடித்து, ஓர் ஆள் மெதுவாக விலக்கட்டும். அட்டை விளக்கை ஒட்டி இருந்தால் நிழலின் விளிம்பு மங்கலாகும். முகமூடிக்குக் கிட்டே போனால் கோடு விழும். பழைய 100 வாட் குண்டு பல்பும் டிம்மரும் இருந்தால் இன்னும் வழவழப்பாக ஏறும். ஆனால் குறைந்த அளவில் ஆரஞ்சு அடிக்கும், நீல ஜெல் (விளக்கின் முன் வைக்கும் வண்ணத்தாள்) போட வேண்டும்.

ஏற்றும்போது கவனம்: இருட்டு சாய்வுகள் யூடியூப் சுருக்கத்தில் கட்டம் கட்டமாக உடையும். லேசாக கிரெய்ன் (ஃபிலிமில் தெரிவது போன்ற நுண்புள்ளிகள்) சேருங்கள், 1080-இல் எடுத்திருந்தாலும் 4கே-வாக ஏற்றுமதி செய்து ஏற்றுங்கள். அதற்கு ஒதுக்கப்படும் பிட்ரேட் (விநாடிக்கான தரவு அளவு) கூடுதல்.