டான் ஃபரோவும் ஸ்பிளிட் டி-யும்: மறக்க முடியாத ஆட்டங்கள்

வலதுகோடி
அமெரிக்கக் கால்பந்தில் மிசூரி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டான் ஃபரோ உருவாக்கிய தாக்குதல் அமைப்புதான் ஸ்பிளிட் டி. அவருடைய 1943 நவம்பர் ஆட்டம் இன்னும் உறுத்துகிறது. தேசியத் தரவரிசையில் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் முதலிடம், போர்க்காலத்தில் ஃபரோ பயிற்சி தந்த கடற்படைப் பள்ளி அணியான அயோவா பிரீ-ஃபிளைட் இரண்டாமிடம். ஆளுக்கு இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது). கூடுதல் புள்ளிக்கான ஒரு உதை தவறியதால் 14-13. அந்த சீசனில் கடற்படை அணி தோற்றது அது ஒன்றில்தான். அங்கே ஃபரோவின் உதவிப் பயிற்சியாளர்களாக இருந்த பட் வில்கின்சனும் ஜிம் டேட்டமும் ஸ்பிளிட் டி-யை அப்படியே ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோனார்கள். மிசூரிக்குத் திரும்பிய ஃபரோ, 1946 முதல் 1956 வரை ஓக்லஹோமாவை ஒருமுறைகூட வெல்லவில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவே கூடாது.

சேற்றுக்களம்
எனக்கு 1942 சுகர் பவுல்தான் (சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம்). மிசூரி 0, ஃபோர்டம் 2. ஈரப் பந்து கையில் நிற்காதபோது பிட்ச் செய்வது, அதாவது பக்கவாட்டில் கூட்டாளிக்கு எறிவது, எப்படி?

ஆறாம்நம்பர்
வலதுகோடி நண்பரே, அயோவா பிரீ-ஃபிளைட் விமானிகளைத் தயார்செய்த பள்ளி. பல கல்லூரிப் பையன்களை ஒரே சீசனில் ஓரணியாக்க வேண்டியிருந்தது. உதவியாளர்களிடம் ஒளித்துவைத்தால் பயிற்சி யார் கொடுப்பது? 1954 ஆரஞ்சு பவுலில் ஓக்லஹோமா 7, மேரிலாந்து 0. ஓக்லஹோமாவின் வில்கின்சனும் மேரிலாந்துக்குப் போயிருந்த டேட்டமும், ஃபரோவின் ஸ்பிளிட் டி-யோடு எதிரெதிரே! அதை ஃபரோவின் தோல்வி என்று எழுத மனசு வரவில்லை.

மிசூரியில் பால் கிறிஸ்ட்மன் என்ற அபாரமான வீச்சாளர் 1940-உடன் போனதும் பிறந்த ஏற்பாடுதான் ஸ்பிளிட் டி. கூடைப்பந்தில் இருவர் சேர்ந்து ஒரு தடுப்பாளரை ஏய்ப்பதுபோல. முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டருக்கும் பக்கத்துக் கார்டுக்கும் நடுவே ஓரடி, அடுத்து நிற்கும் டேக்கிளுக்கு இரண்டடி, ஓரத்து எண்டுக்கு மூன்றடி இடைவெளி. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பின்வாங்காமல் முன்வரிசையை ஒட்டியே பக்கவாட்டில் நகர்வார். பின்னால் நிற்கும் ஓட்டக்காரரான ஹாஃப்பேக் இடைவெளிக்குள் பாய்வார். வழி இருந்தால் பந்து அவருக்கு. இல்லையென்றால், வேண்டுமென்றே தடுக்காமல் விட்ட கடைசித் தடுப்பாளரைப் பார்க்க வேண்டும். அவர் தோள் உள்ளே திரும்பினால் பிட்ச், வெளியே விலகினால் தானே ஓட்டம்.

யாராவது பையன்களுக்குச் சொல்லித் தருவதாக இருந்தால்: முதலில் பந்தில்லாமல் நடக்கவிடுங்கள். குவார்ட்டர்பேக் ஒரு கெஜம் பின்னால் போனாலும் உள்பக்கத் தடுப்பாளர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்தக் கடைசித் தடுப்பாளர் தன்னை நோக்கி வருமுன் குவார்ட்டர்பேக் பிட்ச் செய்தால், அவர் நேரே பந்து வாங்கியவரைப் பிடிப்பார். பிட்ச் வாங்குபவர் குவார்ட்டர்பேக்கை முந்திப்போனால் பந்து தரையில். இடைவெளிக்குள் எதிராளி புகுந்து நின்றால் பிடிவாதம் வேண்டாம், கார்டை அரையடி நெருக்கிவிடுங்கள்.