புதுப்பிப்பு: எட்மன்டனில் ஸ்டான்லி கோப்பை இறுதியை எங்கே பார்த்தேன்

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பைக்கான 2024 இறுதிப் போட்டித் தொடரில், கனடாவின் எட்மன்டன் அணியான ஆயிலர்ஸ் ஃப்ளோரிடா பாந்தர்ஸுடன் ஆடுவதை, யானை விலை டிக்கெட் வாங்காமல், கூட்டத்தோடு கூட்டமாக எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருந்தேன்.

"அணி ஃப்ளோரிடாவில் ஆடும் நாளில் ஆயிலர்ஸின் சொந்த அரங்கான ரோஜர்ஸ் பிளேஸுக்கே போய்ப் பெரிய திரையில் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. அரங்குக்கு வெளியே, ரசிகர்கள் கூடிப் பார்க்கும் மாஸ் பிட் திடலில் ஆரவாரம் அதிகம்தான், ஆனால் என் உயரத்துக்கு முன்னால் நிற்பவரின் ஆரஞ்சு ஜெர்சி முதுகு மட்டுமே தெரிந்தது.

நான்கு ஆட்டம் வெல்லும் அணிக்குத்தான் கோப்பை. ஆயிலர்ஸுக்கு முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. அப்புறம் 8-1, 5-3, 5-1 என்று வரிசையாக மூன்று வெற்றி! 1990க்குப் பிறகு கோப்பையைக் காணாத ஊர், கேட்க வேண்டுமா? ஜூன் 24, ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று ஃப்ளோரிடா பாந்தர்ஸ் கோப்பையைத் தட்டிச் சென்றது.

எதிர்பாராதது: பிளேஆஃப் சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது தோற்ற ஆயிலர்ஸின் கேப்டன் மெக்டேவிடுக்கு. 2003க்குப் பிறகு அதுவரை இப்படி நடந்ததே இல்லை. விருதை வாங்க அவர் களத்துக்கு வரவில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

பின்னால் தேடி வருபவர்களுக்கு: அரங்கத் திரையிடலுக்கும் அப்போது தனி டிக்கெட் இருந்தது, முந்திக்கொள்ளுங்கள்.