தங்கச்சி சைக்காலஜி படிக்கணும் என்கிறாள்: எத்தனை வருஷம், என்ன வேலை?

ஓசூர்க்காரன் கேட்டது:

தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டாள். பயாலஜி குரூப், 600-க்கு 521. நீட் எழுத மாட்டேன், பி.எஸ்சி. சைக்காலஜிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பா இல்லை, ஃபீஸ் கட்டப்போவது நான். உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். அவளைத் தடுக்க மனமில்லை, ஆனால் கணக்கு தெரிய வேண்டும். மூன்று வருஷத்தில் வேலை கிடைக்குமா, இல்லை மேலே மேலே படித்துக்கொண்டே இருக்கணுமா? ஒரு கல்லூரியில் விசாரித்தால் "டிகிரி முடிச்சதும் சொந்தமா கிளினிக் வெச்சுக்கலாம் சார்" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, அது டாக்டர் படிப்பே இல்லை, மாத்திரைகூட எழுத முடியாது என்கிறார். எது உண்மை?

டெல்டாக்காரி:

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி தம்பி. கல்லூரியில் சொன்னதை நம்பாதீங்க. நான் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன், மற்ற வழிகளை அதில் இருப்பவர்கள் வந்து சொல்லட்டும்.

மாத்திரை எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட். எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் எம்.டி. படித்தவர். சோதனை வைத்து அளப்பது, வாராவாரம் உட்காரவைத்துப் பேசிச் சிகிச்சை தருவது எங்கள் வேலை. ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட ஆர்சிஐ பதிவு எண் வேண்டும். ஆர்சிஐ என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதற்கு 1992-ம் வருடச் சட்டம் இருக்கிறது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருடம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? ஆறு வாரச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டு ஊருக்கு நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வெறும் பி.எஸ்சி.க்கோ சாதாரண எம்.எஸ்சி.க்கோ அந்த எண் கிடைக்காது.

நான் படித்த வழி: மூன்று வருட பி.எஸ்சி., இரண்டு வருட எம்.எஸ்சி., அதற்கு மேல் மருத்துவமனையிலேயே கிடந்து படிக்கும் இரண்டு வருட எம்.ஃபில். மொத்தம் ஏழு. அந்தக் கடைசி இரண்டுதான் ஆளை உருவாக்கும். காலையில் ஓபி, மதியம் வார்டு, ராத்திரி கேஸ் எழுதுவது, மறுநாள் அதை சீனியர் சிவப்பு மையால் அடித்துத் தள்ளுவது. சீட் ரொம்பக் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சிஐபி மாதிரி மத்திய அரசு மனநல நிறுவனத்தில் நுழைந்துவிட்டால் மாதம் உதவித்தொகை வரும். தனியார் என்றால் லட்சக்கணக்கில் நாம் கட்டணும்.

இந்த வழியும் இப்போது மாறுகிறது. எம்.ஃபில் பட்டத்தையே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு அவகாசம் தந்தார்கள். இனி நான்கு வருட பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி ஹானர்ஸ், எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி என்று ஆர்சிஐ புதுப் படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. சைடி (Psy.D.) என்று முனைவர் நிலைப் படிப்பு ஒன்றும் உண்டு. தங்கச்சி கேட்பது சாதாரண பி.எஸ்சி.யா, இந்த ஹானர்ஸா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. கல்லூரி எது சொன்னாலும், அந்தப் படிப்புக்கு அந்த வருடம் அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்சிஐ இணையதளத்தில் நீங்களே பாருங்கள். புரோஷரில் அச்சடித்திருப்பது கணக்கில் வராது.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். எங்கள் ஓபியில் புதன்கிழமை, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு வரும் குழந்தைகளுக்கான நாள். குழந்தையின் அறிவுத்திறனை அளக்க சீகன் பலகை என்று ஒன்று இருக்கிறது. மரப்பலகையில் பத்துக் குழி, அதற்குப் பத்துக் கட்டை: நட்சத்திரம், வட்டம், சிலுவை இப்படி. குழந்தை மூன்று முறை அடுக்கணும், அதில் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வோம். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தியதும் பின்னாலிருந்து அம்மா, "டேய், அது அந்த ஓரத்துலடா" என்று கிசுகிசுப்பார். அவரை வெளியே அனுப்பினால் பையன் அழுவான், பக்கத்தில் வைத்தால் சோதனை கெட்டுப்போகும். அதனால் அவன் கண்ணில் படும்படி வாசலோரம் உட்காரவைத்து, கையில் ஒரு படிவத்தைக் கொடுத்துவிடுவேன். எழுதத் தெரியாத அம்மா என்றால் ஆயாம்மா பேச்சுக் கொடுப்பார். அப்புறம் அம்மாவிடம் தனியாக, தானே பட்டன் போடுகிறானா, கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா என்று வைன்லேண்ட் அளவுகோல்படி கேட்பேன். மாத உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாமே கடைசியில் நான் எழுதும் ரிப்போர்ட்டையும் பார்த்துத்தான். மனசைப் படிக்கிற மந்திரம் எதுவும் இங்கே இல்லை. முக்கால்வாசி பொறுமையும் எழுத்து வேலையும்தான். பிடிக்குமா என்று கேளுங்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் எங்கள் பணியிடம் உண்டு, ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. 2022-ல் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் (14416) வந்த பிறகு தொலைபேசி ஆலோசனைக்கும் ஆள் எடுக்கிறார்கள்.

கிண்டி_எக்ஸ்பிரஸ்:

நான் எம்.எஸ்சி. அப்ளைடு சைக்காலஜியோடு நிறுத்திவிட்டேன். ஐடி கம்பெனியில் ஹெச்ஆர். 23 வயதில் சம்பளம் வந்துவிட்டது, அண்ணனுக்கு அதுதானே கேள்வி.

அக்கா சொன்னதோடு ஒன்று. மதிப்பெண்ணை விட, அவளுக்குக் கணக்கு வருமா என்று பாருங்கள். முதல் வருட லேபில் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைகிற சோதனை வைப்பார்கள். கை எதிர்ப்பக்கம் ஓடும், சிரிப்பாக இருக்கும். அதற்குப் பிறகு ஐம்பது பேரின் தவறுகளை எண்ணி, சராசரி எடுத்து, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் என்ற கணக்கைப் போடணும். அங்கேதான் பாதிப் பேருக்கு முகம் வாடும். எனக்குச் சோறு போடுவது அதுதான். ஏன் ஒரு டீமில் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் போகிறார்கள் என்று சர்வே எடுத்து எண்ணில் காட்டினால்தான் மேனேஜர் காது கொடுப்பார். ஃபிராய்டைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வெறும் பி.எஸ்சி.யோடும் ரெக்ரூட்டர் வேலைக்கு வரலாம். ஆனால் அதே வேலைக்கு பி.காம். படித்தவரும் வருவார்.

மதுரை_கவுன்சிலர்:

சிபிஎஸ்இ பள்ளியில் ஆலோசகர் இருக்கணும் என்று விதி இருக்கிறது, எனவே வேலை உண்டு. நான் எம்.எஸ்சி. முடித்து அப்படித்தான் சேர்ந்தேன். ஆனால் முன்பு வேலை பார்த்த பள்ளியில் எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்தப் பீரியடுக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். அழுதுகொண்டு வந்த பத்தாம் வகுப்புப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு சப்ஸ்டிட்யூஷன் போயிருக்கிறேன். இன்டர்வியூவிலேயே தனி அறை உண்டா, வாரம் எத்தனை பீரியட் என்று கேட்கச் சொல்லுங்கள். குழந்தைகளோடு இருக்கத்தான் ஆசை என்றால் ஸ்பெஷல் எஜுகேஷன் பி.எட். நல்லது. அதற்கும் ஆர்சிஐ பதிவு உண்டு.

ஓசூர்க்காரன்:

மூவருக்கும் நன்றி. அப்போ எப்படியும் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்கிறேன். அக்கா, ஒரு சந்தேகம். பி.எஸ்சி. முடித்ததும் ஏதாவது வேலைக்குப் போய்க்கொண்டே எம்.எஸ்சி.யைத் தபால் வழியில் படிக்கலாமா? எனக்கும் பாரம் குறையும்.

டெல்டாக்காரி:

முடியாது தம்பி. 2025 ஜூலை பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யுஜிசி தடை போட்டுவிட்டது. 2021-ம் வருட இணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்குள் இந்தப் படிப்பு வந்துவிட்டதுதான் காரணம். யாராவது சீட் இருக்கிறது என்றால் பணம் கட்டிவிடாதீங்க. எனக்குக் கேட்டால் தடை போட்டது நல்லதுதான், பலகையைத் தொடாமல் சோதனை வைக்கக் கற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாரம் குறைய ஒரே வழி அரசுக் கல்லூரி அல்லது உதவிபெறும் கல்லூரி. சென்னையில் மாநிலக் கல்லூரியில் சைக்காலஜி இருக்கிறது. அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம்தான், கடைசித் தேதியைத் தவறவிடாதீங்க. 521-க்கு முயன்று பார்க்கலாம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். எந்தப் பள்ளி என்று நீங்கள் சொல்லவில்லையே?