மேடைக்கான வைக்கிங் கேடயம்: எடை குறைவாகவும் உண்மைக்கு நெருக்கமாகவும் செய்ய முடியுமா?

கேள்வி (அரங்கப்பணி)

எங்கள் குழு அடுத்து மேடையேற்றவுள்ள நாடகம் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நோர்வேயில் நடப்பது. அதில் எட்டு வீரர்கள் கேடயத்துடன் வருகிறார்கள். நால்வர் வாட்சண்டையில் ஈடுபட, ஏனையோர் கேடயங்களை அடுக்கி அரணாக நின்றால் போதும். வாடகைக்குக் கிடைத்த கேடயங்கள் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டால் ஆனவை. அவற்றின் சுற்று விளிம்பில் தகரப் பட்டையும், பின்புறத்தில் முன்கையை நுழைத்துக்கொள்ள இரண்டு தோல்வார்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழு கிலோ எடையுள்ளதால் ஒத்திகை பாதியை எட்டுமுன்பே நடிகர்களின் கை தளர்ந்துவிடுகிறது. பார்வைக்கு அக்காலத்துக் கேடயமாகவே இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். எடை குறைய வேண்டும் என்பது நடிகர்களின் வேண்டுகோள். இவ்விரண்டையும் நிறைவேற்ற வழியுண்டா?

மறுமொழி (பழம்பொருள்)

இயக்குநரும் நடிகர்களும் கேட்பது ஒன்றையேதான். வாடகைக் கேடயம் கனமாக இருப்பதற்கு வரலாறு காரணமன்று. மேடைக்காரர்களின் பழக்கமே காரணம்.

1880இல் நோர்வேயின் சாண்டேஃப்யூர் அருகே தோண்டியெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலில், பக்கத்துக்கு 32 வீதம் 64 கேடயங்கள் கட்டப்பட்டிருந்தன. அக்கப்பல் ஏறத்தாழ 900ஆம் ஆண்டில் புதைக்கப்பட்டது என்பதால் உங்கள் நாடகத்தின் காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. அவை ஏறத்தாழ 94 சென்டிமீட்டர் விட்டமுள்ளவை. பைன் மரத்தின் மெல்லிய பலகைகளைப் பக்கவாட்டில் சேர்த்துச் செய்யப்பட்டவை. ஒன்றுவிட்டு ஒன்றாக மஞ்சளும் கறுப்புமாக வண்ணம் பூசப்பட்டவை. டென்மார்க்கின் டிரெல்லபோர்க் கோட்டையில் 2008இல் கிடைத்த மரக்கேடயம் சற்றுச் சிறியது, ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். அதன் பலகை நடுவில் 8 மில்லிமீட்டரும் விளிம்பில் 5 மில்லிமீட்டருமே தடித்தது. ஆகவே 18 மில்லிமீட்டர் பிளைவுட்டையும் தகரப் பட்டையையும் கைவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் ஆகாது. முழுச் சுற்று இரும்பு விளிம்புக்கும் சான்றில்லை. சுவீடனின் பிர்கா கல்லறைகளில் சில கேடயங்களுக்கு விளிம்பில் சிறு வெண்கலப் பிடிப்புகள் கிடைத்துள்ளன, அவ்வளவுதான்.

தோல்வார்களையும் அகற்றிவிடுங்கள். வைக்கிங் வட்டக் கேடயத்தை முன்கையில் மாட்டுவதில்லை. நடுவில் ஒரு துளை, அதை முன்புறம் மூடும் இரும்புக் குமிழ், பின்புறம் துளையின் குறுக்கே செல்லும் மரச்சட்டம் ஆகியவையே அதன் அமைப்பு. வீரனின் முட்டி அக்குமிழுக்குள் இருக்கும். இந்தப் பிடியில் கேடயத்தை உடலுக்கு முன்னே நீட்டிப் பிடிக்கலாம். மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினாலே அது கதவைப்போல் இடமாகவோ வலமாகவோ திறந்துகொள்ளும். வார்களில் கையை மாட்டிய நடிகர் கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பார்; நடுப்பிடியைப் பற்றியவரோ அதைக் கொண்டு எதிரியின் வாளைத் தள்ளுவார். பார்வையாளருக்கு இந்த வேறுபாடு வண்ணத்தைவிட விரைவாகக் கண்ணில் படும்.

(கொம்பு வைத்த தலைக்கவசமும் உங்கள் பொருட்பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள். 1876இல் பைராய்ட்டில் மேடையேறிய ஜெர்மானிய இசைநாடகத்துக்காகக் கார்ல் எமில் டோப்லர் வரைந்த உடைகளே அந்த வழக்கத்தைப் பெரிதும் பரப்பின.)

மறுமொழி (உளியும்சுத்தியும்)

மேற்சொன்னதை ஒப்புக்கொண்டு, செய்முறையைச் சொல்கிறேன். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 90 சென்டிமீட்டர் வட்டம் வெட்டினால் பலகை மட்டும் இரண்டேகால் கிலோ அளவில் இருக்கும். ஆணியும் நூலும் கொண்டு வட்டம் வரைந்து ஜிக்சாவால் அறுத்தபின், முகத்தில் ஏழெட்டுக் கோடுகளை உளியால் ஆழமாகக் கீறினால் தனித்தனிப் பலகைகளைச் சேர்த்ததுபோல் தோன்றும். கோடுகளுக்கு இடையிலான அகலம் ஒன்றுபோல் இருந்தால் பொய் வெளிப்பட்டுவிடும் என்பதால் வேண்டுமென்றே கூடவும் குறையவும் விடுங்கள். கைப்பிடிச் சட்டம் பலகைக் கோடுகளுக்குக் குறுக்காக, ஏறத்தாழ விளிம்புவரை ஓட வேண்டும். உண்மைக் கேடயத்தில் பலகைகளைச் சேர்த்துப் பிடித்திருந்ததில் அதற்கும் பங்குண்டு. உங்கள் பிளைவுட் வளையாமல் இருக்கவும் அதுவே உதவும். கை பற்றும் இடத்தை மட்டும் உருட்டி, உப்புத்தாளால் வழவழப்பாக்கித் தோல் சுற்றுங்கள்.

குமிழுக்கு இரும்பு அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விளிம்பு வெளிப்புறமாகத் தட்டையாக மடிந்த, 15 சென்டிமீட்டர் அகலமுள்ள எவர்சில்வர் கிண்ணம் போதும். அதைக் கவிழ்த்துப் போல்ட்டால் பிணைத்துப் பிரைமர் அடித்து, கரும்பழுப்பு வண்ணம் பூசினால் முதல் வரிசையிலிருந்து பார்ப்பவருக்கும் இரும்பாகவே தெரியும். வாங்குமுன் முட்டியை உள்ளே வைத்துப் பாருங்கள். விரல்கள் உலோகத்தில் படக்கூடாது. பின்புறம் நீளும் போல்ட் முனைகளை அறுத்து மழுக்கிவிட வேண்டும்.

அடுத்து, காடாத்துணியைத் தண்ணீர் கலந்த மரப்பசையில் தோய்த்து இரு முகங்களிலும் ஒட்டுங்கள். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் காயும்போது பலகை வளைந்துவிடும். பிளைவுட் பிளந்தாலும் சிலாம்பு பார்வையாளர் பக்கம் தெறிக்காமல் இந்தத் துணி தடுக்கும். விளிம்பில் சீரான இடைவெளியில் துளையிட்டுத் தோல் பட்டையைத் தைத்துவிடலாம். கோக்ஸ்டாட் கேடயங்களின் விளிம்பை ஒட்டியும் சிறு துளைகள் உள்ளன.

மறுமொழி (ஒத்திகைக்கூடம்)

சண்டையிடாத நால்வருக்கும் மரம் எதற்கு? 10 மில்லிமீட்டர் ஈவிஏ ஃபோம் தாளில் செய்தால் ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். கீறல்களைச் சூடான காற்றால் விரியச் செய்தால் மரத்தின் தோற்றமும் வந்துவிடும். அரங்கத்தின் தீப்பாதுகாப்பு விதிகள் ஃபோமை அனுமதிக்கின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி (உளியும்சுத்தியும்)

தனியே நிற்பதற்கு ஃபோம் சரி. ஆனால் கேடயங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது மரம் எழுப்பும் ஓசை ஃபோமில் பிறக்காது. எட்டில் நான்கு மட்டும் ஊமையாக இருந்தால் அந்தக் காட்சி வலுவிழக்கும். விளிம்பும் அழுத்தத்தில் மடங்கும். 4 மில்லிமீட்டர் பிளைவுட் எடுத்தால் ஒன்றரைக் கிலோதான்; நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி கேட்டவர் (அரங்கப்பணி)

இருவருக்கும் நன்றி. எட்டையும் மரத்திலேயே செய்யத் தீர்மானித்திருக்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள்: வாள் மெல்லிய விளிம்பில் பட்டால் தாங்குமா? கோக்ஸ்டாட் முறையில் மஞ்சளும் கறுப்பும் மாற்றி மாற்றிப் பூசினால் மேடையில் எடுபடுமா?

மறுமொழி (பழம்பொருள்)

விளிம்பில் பட்டால் தாங்காது. அடிகள் குமிழுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட முகப்பரப்பில் மட்டும், வாளின் தட்டைப் பக்கம் படுமாறு விழ வேண்டும் என்று சண்டைப் பயிற்சியாளரிடம் சொல்லி வையுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு ஒருவர் எட்டையும் தடவிப் பார்த்துப் பிளவு கண்டதை ஒதுக்க வேண்டும். வண்ணத்தைப் பொறுத்தவரை, மாற்றி மாற்றி நிற்கும் இரு நிறங்கள் கேடய வரிசைக்கு மிக அழகு. ஆனால் தீப்பந்த வெளிச்சத்துக்காக ஒளியமைப்பாளர் ஆம்பர் தாள் போட்டால் வெளிர் மஞ்சள் வெளுத்து வெள்ளையாகிவிடும். காவி கலந்த அடர்மஞ்சளை மாட் பெயின்ட்டில் எடுத்து, ஒரு துண்டுப் பலகையில் பூசி, அதே விளக்கின்கீழ் பார்த்தபின் எட்டுக்கும் வாங்குங்கள்.