இழை: ‘ஒயிட் பிரிவிலேஜ்’ தமிழில்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1705-இல் வந்த அடிமைச் சட்டம் பற்றிய பாடத்தை வெள்ளிக்குள் மொழிபெயர்த்து அனுப்பியாக வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த வெள்ளைக்கார ஆண் பணியாளுக்குப் பத்து புஷல் மக்காச்சோளம், முப்பது ஷில்லிங், ஒரு துப்பாக்கி. அதே சட்டம் அடிமைகள் வளர்த்த மாடு, பன்றிகளைப் பறித்து விற்று, அந்தப் பணத்தைத் திருச்சபை வட்டார ஏழைகளுக்குத் தரச் சொல்கிறது. வெள்ளையராய் இருப்பதாலேயே கிடைக்கும் இந்த ஆதாயத்தை, அதாவது ‘ஒயிட் பிரிவிலேஜ்’ என்பதை, ‘நிறச்சலுகை’ எனலாமா?

> நிறச்சலுகை

வேண்டாம் ஐயா. நலிந்தவருக்குத் தருவதைத்தானே சலுகை என்கிறோம்? ‘நிறப்பேறு’ என்க. பெறு > பேறு, முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு > கேடு போல. மகப்பேறு, வீடுபேறு எல்லாம் இவ்வழி வந்தவை. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று 1662-இலேயே வர்ஜீனியா சட்டம் போட்டுவிட்டது. பிறப்போடு ஒட்டி வருவதால் பேறு மிகப் பொருந்தும்.

> நிறப்பேறு

வள்ளுவர் ‘மக்கட்பேறு’ என்ற சொல்லை இதற்கா கொடுப்பது? முன்வினைப் பயன் என்றல்லவா மாணவர் படிப்பார்! இது தானாக வாய்த்ததில்லை, வெள்ளையரே சட்ட அவையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டது. ‘நிறவுரிமை’ போதும்.

> நிறவுரிமை

சொற்புணர்ச்சி சரி, பொருள் தலைகீழ். மகளிர் உரிமை போல, கறுப்பர் கேட்கும் உரிமை என்று ஆகிவிடும். நிறம் எதற்கு, ‘இனச்சலுகை’ என்றே எழுதலாமே?

> இனச்சலுகை

இனம் ஆகாது தோழர். குடியேறியவர்களில் சுதந்திரமான வெள்ளையருக்கே குடியுரிமை என்றது 1790-இன் அமெரிக்கச் சட்டம். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்த, பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட், தாம் ஆரிய இனம், ஆகவே வெள்ளையர் என்று வாதாடினார். அறிஞர்களின் இனப்பகுப்பு செல்லாது, பாமரர் யாரை வெள்ளையர் என்பாரோ அவரே வெள்ளையர் என்று 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. அமெரிக்கர் ஆகத் தக்கவர் யார் என்பதையே இப்படித்தான் தீர்மானித்தார்கள். நிறம் இருக்கட்டும்.

> நிறம் இருக்கட்டும்

நன்றி. பலரும் ‘நிறச்சலுகை’ புரிகிறது என்கிறீர்கள். முதலில் வரும் இடத்தில் ‘சட்டம் தந்த’ என்று முன்னே சேர்த்து அனுப்புகிறேன்.

> அனுப்புகிறேன்

அனுப்புங்கள், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. துப்பாக்கி கொடுத்தது சலுகை, சரி. பன்றியைப் பறித்தது அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறது? ‘நிறமேலாண்மை’ என்றிருக்கலாம், ஆனால் மேலாண்மையை ‘மேனேஜ்மென்ட்’ என்ற பொருளில் அலுவலகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அடுத்த பதிப்புக்குள் வேறு சொல் தேடுவோம்.