சிறிய அறைக்கு உட்கார்ந்து ஓட்டும் குயில்டிங் மெஷின்: எதை வாங்கலாம்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். குழந்தைகளுக்கான சிறிய குயில்ட்டுகளையும் (துண்டுத் துணிகளை இணைத்துப் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைகள்), ஒற்றைக் கட்டிலுக்கு உரிய 60க்கு 90 அங்குல அளவுள்ளவற்றையும் தைத்துக் கொடுத்து வருகிறேன். இதுவரை எல்லா வேலையும் காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷினில்தான் நடக்கிறது. துண்டுகளை இணைப்பதற்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து வளைவு வளைவாகத் தைக்கப் போனால், சுருட்டிய துணி மெஷினின் தூணில் முட்டி நின்றுவிடுகிறது. நடுப்பகுதியைத் தைப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலாகிறது.

சட்டத்தில் துணியைக் கட்டி மெஷினையே நகர்த்தித் தைக்கும் பெரிய லாங் ஆர்ம் வகைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். என் தையல் அறையோ 10க்கு 9 அடி, அதிலும் ஒரு சுவரை பீரோ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நாற்காலியில் அமர்ந்து, துணியைக் கையால் நகர்த்தித் தைக்கும் வகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊசிக்கும் தூணுக்கும் நடுவே 16 அங்குல இடைவெளி உள்ளதை வாங்கினால் ஒரேயடியாகச் சிக்கல் தீர்ந்துவிடுமா, அல்லது என் அறைக்கு அது மிகையா? இந்த வகை மெஷினில் வேலை செய்பவர்கள் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

பதில் (பாலக்காடு சித்தூரிலிருந்து)

வணக்கம் சகோதரி. மெஷின் எத்தனை அங்குலம் என்று பார்ப்பதற்கு முன், துணி எந்தப் பக்கம் போய் விழும் என்பதை உங்கள் அறையில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்டி குவில்டர் நிறுவனத்தின் ஸ்வீட் சிக்ஸ்டீன், பெர்னினாவின் கியூ16 ஆகியவற்றில் 16 அங்குல இடைவெளி உண்டு. கியூ20 என்பதில் 20 அங்குலம். இந்த மெஷின்கள் நம் வீட்டு மெஷினைப் போல் பக்கவாட்டில் அமர்ந்திருப்பதில்லை. ஊசி நமக்கு நேர் முன்னே இருக்க, கைப்பகுதி நம்மிடமிருந்து விலகி எதிர்த்திசையில் நீளும். எனவே துணி இடம், வலம் இரண்டு பக்கமும் பரவும். மேசைக்கு இருபுறமும் காலியிடம் வேண்டும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே அதைச் செருகிவிட்டால் 16 அங்குலம் இருந்தும் பயன் குறைவு, ஏனெனில் துணி ஒரு பக்கம் சுவரில் இடித்து மடங்கிக் கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்த வகை மெஷின்களில் துணியை இழுத்துக்கொடுக்கும் பல் கிடையாது. நாம் நகர்த்தினால்தான் துணி நகரும். குயில்டிங் வேலைக்கு அது சரியானதே. ஆனால் துண்டு இணைக்கவோ, ஓரம் கட்டவோ அது ஏற்றதல்ல, ஆகவே உங்கள் பழைய மெஷினும் அதே அறையில் இருந்தாக வேண்டும். 10க்கு 9 அடியில் இரண்டு மேசை, ஒரு பீரோ என்றால் இஸ்திரிப் பலகையை எங்கே போடுவீர்கள்?

நீங்கள் தைக்கும் அளவுக்கு உண்மையில் எவ்வளவு இடைவெளி தேவை என்று பார்ப்போம். 60 அங்குல அகலமுள்ள குயில்ட்டில் இரண்டு ஓரங்களிலிருந்தும் நடுவரை தைத்துவிட முடியும் என்பதால், தூணுக்குள் ஒரு நேரத்தில் போவது அதிகபட்சம் பாதி, அதாவது 30 அங்குலம். நம் ஊர் வெப்பத்துக்கு யாரும் கனத்த பஞ்சு வைப்பதில்லை. மூன்று அடுக்கும் சேர்ந்து கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அந்த 30 அங்குலத்தைச் சற்றுத் தளர்வாகச் சுருட்டினாலும் நான்கு அங்குல உருளைக்குள் அடங்கிவிடும். எட்டரை அங்குல இடைவெளி இருந்தால், கை புழங்க நான்கு அங்குலத்துக்கு மேல் மிஞ்சும். இரட்டைக் கட்டிலுக்கு 90 அங்குல அகலத்தில் தைக்கத் தொடங்கினால் கணக்கு மாறும். உருளை ஐந்து அங்குலத்தை எட்டிவிடும், அப்போது எட்டரை அங்குலம் திணறும்.

எனவே ஜூகி டிஎல்-2010கியூ, பிரதர் பிகியூ1500எஸ்எல் போன்ற, நேர்த்தையல் மட்டும் போடும் மெஷின்களைப் பாருங்கள். ஏறத்தாழ எட்டரை அங்குல இடைவெளி. நிமிடத்துக்கு 1500 தையல் வரை ஓடும். பல்லைக் கீழே இறக்கிவிட்டுக் குயில்டிங் செய்யலாம், மேலே ஏற்றித் துண்டு இணைக்கலாம். ஒரே மெஷின், ஒரே மேசை. மெஷினின் கைப்பகுதி வலப்பக்கம் நீள்வதால் துணியின் பெரும்பகுதி இடப்பக்கமும் பின்பக்கமும்தான் போகும். மேசையை அறை மூலையில், இடப்புறமும் எதிர்ப்புறமும் சுவர் ஒட்டும்படி போட்டால் துணி கீழே சரியவே சரியாது. குயில்ட்டின் ஒரு முனை மேசையிலிருந்து தொங்கினாலும் அதன் பாரம் ஊசியை இழுத்துத் தையலைக் கோணலாக்கிவிடும் என்பதால், இந்த மூலை ஏற்பாட்டை நான் மெஷினுக்குச் சமமாக மதிக்கிறேன். மெஷினின் தட்டும் மேசையின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி தச்சரிடம் பலகையை வெட்டிக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் தை மாதக் காற்று கிழக்கிலிருந்து புழுதியோடு வீசும். ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டால் பஞ்சுத் தூசியும் புழுதியும் சேர்ந்து அடிநூல் இருக்கும் பாபின் கேஸைச் சுற்றி அடைத்துக்கொள்ளும்.

பதில் (பொள்ளாச்சியிலிருந்து, மெஷின் பழுது பார்ப்பவர்)

மேலே அம்மா சொன்னது சரியான வழிதான். ஆனால் அந்த மாடல்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் மின்னழுத்தத்தைக் கட்டாயம் பாருங்கள். அமெரிக்காவில் விற்கப்படுவது 110 வோல்ட்டுக்கு உரியது; நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் சர்க்யூட் போர்டு போய்விடும், பின்னர் அதை மாற்ற நம் ஊரில் ஆள் தேட வேண்டியிருக்கும்.

குறைந்த செலவில் இன்னொரு வழியும் இருக்கிறது. திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் தையல் ஆலைகளில் ஓடிய பழைய பவர் மெஷின்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஜூகி டிடிஎல்-8700 போன்ற ஒற்றை ஊசி மெஷினில் தூண்வரை பத்து அங்குலத்துக்கு மேல் இடைவெளி உண்டு. அதில் பல்லை இறக்கும் வசதி இல்லை. ஊசித்தட்டைக் கழற்றி, பல்லைப் பிடித்திருக்கும் திருகுகளை நீக்கிப் பல்லை எடுத்துவிட வேண்டும். பிறகு தையல் நீளத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஊசியோடு சேர்ந்து ஏறி இறங்கும் துள்ளும் வகைப் பாதத்தைப் பொருத்தினால் குயில்டிங்குக்குத் தயார். கிளட்ச் மோட்டாரோடு வந்தால் அதை அகற்றிவிட்டு சர்வோ மோட்டார் போடுங்கள். கிளட்ச் மோட்டார் நீங்கள் மிதிக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும், சத்தமும் அதிகம். சர்வோவில் உச்ச வேகத்தை நாமே குறைத்துக் கட்டிவிடலாம், இந்த வேலைக்கு அது மிகவும் முக்கியம்.

இதிலுள்ள தொந்தரவையும் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியிலிருந்து தானே எண்ணெய் இறைத்துக்கொள்ளும் அமைப்பு. வெள்ளைத் துணியில் எண்ணெய்ப் பொட்டு விழ வாய்ப்பு உண்டு. காலையில் தொடங்கும்போது கழிவுத் துணியில் சிறிது நேரம் ஓட்டிய பிறகே குயில்ட்டை வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எனக்கு இப்போது இரட்டைக் கட்டில் அளவுக்கு ஆர்டர் வருவது அபூர்வம். ஆகவே 16 அங்குல ஆசையைத் தற்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். பழைய மெஷின் துண்டு இணைக்க இருப்பதால், அண்ணன் சொன்ன பவர் மெஷின் வழி மனத்துக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு ஐயங்கள் மட்டும். தையல் நீளத்தைத் தானே சீராக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் தைத்தால் தரம் குறையுமா? பவர் மெஷினின் மேசை என் மூலையில் அடங்குமா?

பதில் (ஆந்திராவின் நகரியிலிருந்து)

ரெகுலேட்டர் பற்றி மட்டும் சொல்கிறேன். அது துணி நகரும் வேகத்தை உணர்ந்து ஊசியின் வேகத்தை அதற்கேற்ப ஏற்றி இறக்கும் கருவி. புதிதாகப் பழகுபவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அது இல்லாமலும் சீரான தையல் வரும். மோட்டாரின் வேகத்தை ஒரே நிலையில் வைத்து, கையை மட்டும் ஒரே தாளத்தில் நகர்த்தப் பழகினால் போதும். வளைவின் திருப்பத்தில் கை தயங்கும் இடத்தில்தான் தையல் நெருங்கும். நேர்க்கோட்டில் கை விரையும் இடத்தில் நீளும். ரப்பர்ப் பிடிப்புள்ள கையுறை அணிந்தால் துணி வழுக்காது, தோளுக்கும் வேலை குறையும். ரெகுலேட்டருக்காக மட்டும் லட்சக்கணக்கில் கூடுதலாகச் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் (பொள்ளாச்சியிலிருந்து)

மேசை வழக்கமாக 4 அடி நீளமும் 20 அங்குலத்தை ஒட்டிய அகலமும் இருக்கும் என்பதால், உங்கள் மூலையில் தாராளமாக அடங்கும். அந்த அகலம் குயில்ட்டுக்குப் போதாது. பின்பக்கம் இன்னும் ஒன்றரை அடிப் பலகையைக் கீல் வைத்துப் பொருத்தி, வேலை இல்லாதபோது மடக்கிவிடுங்கள். பலகையில் மெஷின் அமரும் வெட்டு பெரும்பாலும் 476க்கு 178 மில்லிமீட்டர் என்ற பொது அளவில்தான் இருக்கும். பின்னாளில் வேறு மெஷின் தலையை மாற்றினாலும் மேசையை மாற்ற வேண்டியதில்லை. வாங்கும் முன் உங்கள் மூன்றடுக்குத் துணியையே கையோடு எடுத்துச் சென்று, அங்கேயே தைத்துப் பாருங்கள். அடிநூல் வளைவுகளில் மேலே எட்டிப் பார்த்தால் டென்ஷனை (நூலின் இறுக்கத்தை) சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். ஷட்டிலின் முனையில் நகம் வைத்துத் தடவினால் பிசிறு தட்டுகிறதா என்றும் பாருங்கள், தட்டினால் அந்த மெஷினை விட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கடைக்காரரிடமிருந்து ரசீது போட்டு வாங்கி, விலை 50,000 ரூபாயைத் தாண்டினால், மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாகக் கொண்டுவர வண்டியில் ஏற்றும் முன் ஈ-வே பில்லையும் (சரக்கு கொண்டுசெல்வதற்கான மின்னணுச் சீட்டு) அவரிடமே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.