மாமரத்து வீடு குழு: சனிக்கிழமை ஃபாடோ கச்சேரி

மீனா: அப்பாவும் கல்யாணி அத்தையும் லிஸ்பன் வந்து சேரும் வாரத்தின் சனிக்கிழமை இரவு, கொலிசெயு அரங்கில் போர்த்துகலின் ஃபாடோ பாடகர் கமானே பாடுகிறார். கீழ்த்தளத்தில் சில இருக்கைகளே மீதம் உள்ளன. இன்று இரவுக்குள் டிக்கெட் எடுக்க வேண்டும். இருவருக்கும் எடுக்கட்டுமா?

கல்யாணி அத்தை: எனக்கு எடுத்துவிடு, கண்ணு.

அப்பா: மொழி புரியாத பாட்டுக்கு இவ்வளவு செலவு எதற்கு, மீனா?

மீனா: அப்பா, லிஸ்பனின் மௌராரியா, அல்ஃபாமா போன்ற பழைய குடியிருப்புகளின் மதுக்கடைகளிலும் சந்துகளிலும் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த பாட்டு ஃபாடோ. 2011இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக ஏற்றது. 12 தந்திகள் கொண்ட போர்த்துகீசியக் கிதார், துணைக்குச் சாதாரண கிதார், நின்று பாடும் ஒரு குரல், இவை போதும் ஒரு கச்சேரிக்கு. கமானே 1966இல் பிறந்தவர். 1979இல், சிறுவனாக இருக்கும்போதே, லிஸ்பனின் பெரிய ஃபாடோ போட்டியில் வென்றவர். அவருடைய சகோதரர்கள் எல்டர், பெத்ரு இருவரும் ஃபாடோ பாடகர்களே.

சேகர் சித்தப்பா: உடன்பிறந்தவர்கள் மூவரும் பாடுகிறார்கள் என்பதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. நம் வீட்டில் அண்ணனும் நானும் சேர்ந்து பாடியது கல்யாணியின் திருமணத்தோடு நின்றுவிட்டது.

அப்பா: அதை இங்கே பேச வேண்டாம், சேகர்.

கல்யாணி அத்தை: இருவரும் டிக்கெட்டைப் பற்றிப் பேசுங்கள். அங்கே குளிருமா, மீனா?

மீனா: ஒரு சால்வை போதும், அத்தை.

பிரபு அண்ணன்: பெரிய அரங்கைவிட அல்ஃபாமாவில் ஒரு சிறிய ஃபாடோ விடுதிதான் நல்லது. அங்கே ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கலாம்.

மீனா: அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. அங்கே பாட்டு தொடங்கும்போது விளக்கைக் குறைப்பார்கள், பரிமாறுவதையும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அல்ஃபாமா முழுவதும் மேடும் படிக்கட்டும். அப்பாவின் முழங்கால் தாங்காது. கொலிசெயு, ரோசியோ சதுக்கத்தின் அருகே சமதளமான தெருவில் இருக்கிறது. 1890இல் திறக்கப்பட்ட அந்த வட்ட அரங்கில், இரும்புக் குவிமாடத்தின் கீழ், சர்க்கஸும் ஓபராவும் நடந்திருக்கின்றன. ஃபாடோ பாடகர் கார்லுஷ் து கார்மு 2019இல் விடைபெறும் கச்சேரியை அங்கேதான் பாடினார். கமானே அங்கே பாடிய ஓர் இரவு பதிவாகவும் வெளிவந்துள்ளது.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள், அப்பா. மரபான ஃபாடோவில் ஒரே பழைய மெட்டில் வெவ்வேறு கவிதைகளைப் பாடுவார்கள். காவடிச்சிந்து மெட்டில் புதுப் பாடல் கட்டுவது நமக்குப் பழக்கம்தானே. தச்சுவேலை செய்துகொண்டே பாடி, மெட்டுகளும் அமைத்த மார்செனெய்ருவின் ஃபாடோக்களை 2017இல் கமானே ஒரு முழு ஆல்பமாகப் பாடினார். கமானே கையை வீசிப் பாடுவதில்லை. ஒரு சொல்லின் வாசலில் சற்றே தயங்கி, அதைத் தாமதமாக இறக்குவார். நீங்கள் விருத்தம் பாடும்போது செய்வதைத்தான் அவரும் செய்கிறார் என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் நீங்கள் நேரில் கேட்க வேண்டும் என்கிறேன்.

அப்பா: விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. இதற்கு உண்டா?

மீனா: உண்டு, அப்பா. கிதார் தாளத்தை விடாமல் பிடித்திருக்கும். குரல் மட்டும் அதற்கு முன்னும் பின்னும் நகரும்.

அப்பா: அது எளிதல்ல.

பிரபு அண்ணன்: போர்த்துகலின் கொயிம்ப்ரா நகரில் ஃபாடோ முடிந்ததும் கைதட்ட மாட்டார்கள், தொண்டையைச் செருமிப் பாராட்டுவார்கள் என்று படித்தேன். இங்கும் அப்படியா?

மீனா: இல்லை, அண்ணா. அது கொயிம்ப்ரா மாணவர்களின் வழக்கம். லிஸ்பனில் தாராளமாகக் கைதட்டலாம்.

அப்பா: சரி, எடு. பாரிஸிலிருந்து லிஸ்பனுக்கு எவ்வளவு நேரம், சேகர்?

சேகர் சித்தப்பா: விமானத்தில் இரண்டரை மணி நேரம், அண்ணா. சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

கல்யாணி அத்தை: கேட்காமலே வா.

மீனா: மூன்று இருக்கைகள் சேர்ந்தாற்போல் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் இருக்கின்றன. இரண்டு போதுமென்றால் நடுவிலேயே கிடைக்கும். எதை எடுக்கட்டும்?

அப்பா: சேகர் பதில் சொல்லும் வரை பொறு.